வீங்குசொல் பிறந்த ஏரி

முன்னொரு காலத்தில், ராஜாக்களைவிட ஏரிகள் பெரிதாக இருந்த ஒரு நாட்டில், உதயசேகரன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. யானை மேல் ஆசை, பலாச்சுளை மேல் ஆசை; எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் காது மேல் ஆசை. காதுக்கு இனிப்பாக ஒரு வார்த்தை விழுந்துவிட்டால், வெல்லத்தைக் கண்ட எறும்பு மாதிரி அதையே சுற்றிச் சுற்றி வருவான்.

ஒருநாள் அயல்நாட்டுத் தூதர் ஒருவர் சபைக்கு வந்தார். வெயிலில் வந்தவருக்குத் தாகம். குடிக்கத் தண்ணீர் வேண்டும். அதை அவர் எப்படிக் கேட்டார் தெரியுமா?

"விண்ணில் பிறந்து, மேகத்தில் தவழ்ந்து, மலையில் விளையாடி, மண்ணில் மணம்புரிந்து, தங்கள் கருணையைப் போல் குளிர்ந்து, தங்கள் சிந்தையைப் போல் தெளிந்த அந்தத் திரவத்தில் ஒரு கிண்ணம்..." என்று இழுத்து முடிப்பதற்குள் அவருக்கு விக்கல் எடுத்துவிட்டது.

ராஜா சொக்கிப்போனான். "இதுவல்லவா பேச்சு! நாம் இதுநாள்வரை பேசியதெல்லாம் ஒரு பேச்சா?" என்றான். அன்று மாலையே ஆணை பிறந்தது. சபையில் எதைச் சொன்னாலும் ஏழு அடைமொழி கூட்டித்தான் சொல்ல வேண்டும். குடிகள் கொண்டுவரும் மனுவும் அப்படித்தான் இருக்க வேண்டும். குடியானவனுக்கு அடைமொழி தெரியாதே என்றால், அவன் சொல்வதை ஓலைநாயகம் அழகாக மாற்றி எழுதிச் சபையில் வாசிப்பார்.

ஓலைநாயகம் என்றால் ராஜாவின் ஓலைகளை எழுதி முத்திரை வைக்கிறவர். அவர் பெயர் வரோதயர். நிகண்டுகள் அத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். யானைக்கு நாற்பது பெயர் சொல்வார், தாமரைக்கு ஐம்பது சொல்வார். அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு முள் இருந்தது. அது பிச்சாண்டி.

பிச்சாண்டி அந்தச் சபையின் விகடகவி. குள்ளம், பெரிய காது, எந்நேரமும் வெற்றிலை. படித்த ஓலை பத்துக்கு மேல் இராது. ஆனால் வரோதயரின் நூறு பாட்டுக்குத் தலையசைக்கும் ராஜா, பிச்சாண்டியின் ஒரு வார்த்தைக்கு வயிறு குலுங்கச் சிரிப்பான்.

புது ஆணை வந்த மறுநாளே ஒன்று நடந்தது. ராஜாவின் தோளில் ஒரு கட்டெறும்பு ஏறிக்கொண்டிருந்தது. பிச்சாண்டி எழுந்து கைகட்டி நின்றான்.

"மூவுலகும் போற்றும், முத்தமிழும் வாழ்த்தும், வாகை சூடிய, வடிவில் சிறந்த, பட்டாடை அணிந்த, பகைவர் அஞ்சும், பாரெல்லாம் தாங்கும் மகாராஜாவின் தோளிலே..."

"ஆ!" என்று ராஜா காதைப் பிடித்துக்கொண்டு துள்ளினான்.

"...ஒரு கட்டெறும்பு" என்று பிச்சாண்டி முடித்தான்.

"அடேய், முன்பே சொல்லக்கூடாதா?"

"சொல்லிக்கொண்டேதான் இருந்தேன், மகாராஜா. எறும்புக்குத்தான் பொறுமை இல்லை."

ராஜா காதைத் தடவிக்கொண்டே சிரித்தான். சபை சிரித்தது. வரோதயர் சிரிக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது, எறும்பு கடித்தது ராஜாவை அல்ல, தம்மை என்று. அவர் எழுந்தார்.

"மன்னர்மன்னா, நம் சபை பேசும் இந்த உயர்ந்த மொழிக்கு இன்னும் ஒரு பெயர் சூட்டப்படவில்லை. அந்தப் பெருமை பிச்சாண்டிக்கே கிடைக்கட்டும். ஆனால் அவன் கொண்டுவரும் சொல் எந்த நிகண்டிலும் இருக்கலாகாது. கேட்ட மாத்திரத்தில் கல்லாதவனுக்கும் அதன் பொருள் விளங்க வேண்டும். அதன் பயன் இன்னதென்று கண்ணெதிரே காட்டவும் வேண்டும். இன்றைக்கு எட்டாம் நாள் தங்கள் பிறந்தநாள் தெப்பம். அதுவரை கெடு. சொல் கிடைக்கும்வரை அவன் சபைக்குள் கால் வைக்கலாகாது. கிடைக்காவிட்டால் வாழ்நாள் முழுதும் மௌன விரதம் பூண வேண்டும்."

ராஜாவுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று. "நன்று, அப்படியே ஆகட்டும்" என்றான்.

சிரிக்க வைத்துப் பிழைக்கிறவனுக்கு வாயைத் தைப்பதைவிடத் தூக்குமேடை மேல். பிச்சாண்டி ஐந்து நாள் ஊரெல்லாம் அலைந்தான். சந்தையில் நின்று கேட்டான், சாவடியில் உட்கார்ந்து கேட்டான், தறிக்காரரிடமும் செக்காட்டுகிறவரிடமும் கேட்டான். கிடைத்த சொல்லெல்லாம் ஏதாவது ஒரு நிகண்டில் இருந்தது. அந்த ஐந்து நாளும் மழை. விடாத மழை. ஓடு பிளக்கிற மழை.

ஐந்தாம் நாள் காலை, நனைந்த கோழி மாதிரி அரண்மனை வாசலுக்கு அவன் வந்தபோது, மதிலோரம் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முழங்கால்வரை சேறு. கையில் பட்டுக்கயிறு கட்டிய ஓலை. அந்த ஓலையை அவள் பாம்பைப் பிடித்த மாதிரி தள்ளிப் பிடித்திருந்தாள்.

"ஐயா, படிக்கத் தெரியுங்களா? இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

பிச்சாண்டி வாங்கிப் படித்தான்.

"ஆயிரங்கண்ணி எனும் அருந்தடாகம், எண்டிசையும் பரந்த நம் கீர்த்தியைக் கண்டு நாணி, தானும் அதுபோல் கரைகடக்க விழைவதாகக் கேட்டு மகிழ்ந்தோம். நம் கீர்த்திக்குத் தடையில்லை. ஆதலின் அந்நீருக்கும் தடை இல்லாதொழிக. தடுத்து நிற்பன யாவும் விலகுக. தங்குதடையின்றிப் பாய்க. இது நம் ஆணை."

கீழே இரட்டை மயில் முத்திரை. ராஜ முத்திரை.

பழக்க தோஷம், பிச்சாண்டி சிரித்துவிட்டான்.

"சிரிக்காதீங்க" என்றாள் அவள். குரலில் இருந்தது அழுகையா கோபமா என்று சொல்ல முடியவில்லை. "என் பேரு காத்தாயி. ஆயிரங்கண்ணி ஏரிக்குக் கரைகாவல் எங்க வீடுதான். வீட்டுக்காரருக்குக் குளிர்காய்ச்சல், அதனால நான்தான் தினம் கரை நடக்கறேன். கரை உடையப்போகுது, கலிங்குப் பலகையை எடுக்கணும். இதைத்தான் வந்து சொன்னேன். இதைத் தவிர ஒரு வார்த்தை சொல்லலை. ஒரு பெரியவர் கேட்டு எழுதிக்கிட்டு உள்ளே போனார். உள்ளே ஒரே கைதட்டல். திரும்பி வந்து இதைக் கொடுத்தார். அவர் கையில புதுசா ஒரு தங்கக் காப்பு."

பிச்சாண்டியின் முகத்தில் இருந்த சிரிப்பு செத்துப்போயிற்று.

ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடைக்குப் போக ஒரு வழி உண்டே, அதுதான் கலிங்கு. பிறந்தநாளன்று தங்கத் தெப்பம் மிதக்க வேண்டும், ஏரி தளும்பத் தளும்ப நிற்க வேண்டும் என்று அந்த வழியைத் தடித்த பலகைகளால் அடைத்து, எட்டு வீரர்களைக் காவல் வைத்திருந்தார்கள். முத்திரை ஓலை இல்லாமல் பலகையைத் தொட்டால் தலை போகும். கரை உடைந்தாலோ, கீழே இருக்கிற ஒன்பது ஊரும் போகும்.

பிச்சாண்டி சபை வாசலுக்கு ஓடினான். காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"சொல் கிடைத்ததா?"

"சொல் இல்லையப்பா, சேதி இருக்கிறது. ஒன்பது ஊர் சேதி!"

"சேதி என்றால் ஓலைநாயகத்திடம் கொடும்."

சத்தம் கேட்டு வரோதயரே வெளியே வந்தார். பிச்சாண்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, நம் சண்டை கிடக்கட்டும். அந்த அம்மாள் என்ன சொன்னாள் என்று உமக்கு விளங்கியதா, இல்லையா?"

வரோதயரின் கண் ஒரு நொடி தரையைப் பார்த்தது. பிறகு அவர் கையை உருவிக்கொண்டார். "விழா வேளையில் மன்னர் செவியில் அமங்கலம் விழலாகாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது.

காத்தாயியும் பிச்சாண்டியும் கொட்டும் மழையில் நடந்தார்கள். ஏரியை அடையும்போது பொழுது மேற்கே சாய்ந்துவிட்டது. மழையும் சற்றே விட்டிருந்தது.

கரைமேல் ஏறிய பிச்சாண்டி அப்படியே நின்றுவிட்டான்.

அவன் பிறந்ததும் வளர்ந்ததும் அந்த நாட்டில்தான். ஆனால் ஆயிரங்கண்ணியை நிறைந்த நிலையில் அவன் பார்த்ததில்லை. அக்கரை இல்லை. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் அவன் கால் விரலுக்கு ஒரு சாண் கீழே, மலைபோன்ற தண்ணீர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம், பனைமர உயரப் பள்ளத்தில், ஒன்பது ஊர். கூரைகளிலிருந்து அடுப்புப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. மாடு கத்துவது கேட்டது. நடுவே இருந்தது வெறும் மண். யாரோ எந்தக் காலத்திலோ கூடை கூடையாகச் சுமந்து கொட்டிய மண்.

எதைப் பார்த்தாலும் ஒரு வேடிக்கை தோன்றும் அவனுக்கு. அன்று ஒன்றும் தோன்றவில்லை. கைகள் தாமாகக் குவிந்தன.

"இங்க வாங்க" என்று காத்தாயி ஊர்ப்பக்கச் சரிவில் இறங்கினாள். ஓரிடத்தில் கரை கர்ப்பிணி வயிறு மாதிரி புடைத்திருந்தது. அவள் கைத்தடியை ஊன்றினாள். குழைந்த சோற்றில் இறங்குவதுபோல் தடி இறங்கிற்று. உருவினாள். துளையிலிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் கசிந்தது.

"தெளிஞ்ச தண்ணி கசிஞ்சா பயமில்லைங்க. கலங்கின தண்ணி கசிஞ்சா, அது உள்ளே மண்ணைத் தின்னுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். தூரத்துல பாக்கறவங்க கரை நல்லாப் பெருத்திருக்குன்னு நினைப்பாங்க. பெருக்கலை, வீங்கியிருக்கு."

"எத்தனை நாள் தாங்கும்?"

"நாளா? விடிஞ்சா பெரிசு." அவள் அவன் கையிலிருந்த ஓலையைப் பார்த்தாள். "கரையைத் தண்ணி வீங்க வெச்சுது. என் சொல்லை அரண்மனை வீங்க வெச்சுது. ராஜாவுக்கு ரெண்டும் பெரிசாத்தானே தெரியும்?"

பிச்சாண்டி அவளைத் திரும்பிப் பார்த்தான். ஐந்து நாள் தேடிய சொல் அவன் எதிரே சேற்றில் நின்றுகொண்டிருந்தது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்கு ஓட நேரம் இல்லை. கையில் இருந்தது ஓர் ஓலை. அதில் இருந்தது ராஜ முத்திரை. அவன் அதை இன்னொரு தரம் படித்தான். இந்தத் தரம் ஒரு விகடகவி படிப்பதுபோல் படிக்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற குடியானவன் போல, ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் நேர்ப்பொருளை மட்டும் வைத்துப் படித்தான்.

"காத்தாயி, கலிங்குக்கு வழி காட்டு" என்றான்.

காவல் தலைவன் வேலைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தான். அவன் பெயர் முனையன். முரடன், ஆனால் நேர்மையானவன்.

"பலகையை எடு. ராஜ ஆணை" என்று பிச்சாண்டி ஓலையை நீட்டினான்.

முனையன் முத்திரையைப் பார்த்துத் தலைவணங்கினான். பிச்சாண்டி ஓலையைப் படிக்க, கேட்டு முழித்தான். "இதில் பலகை என்ற பேச்சே இல்லையே?"

"முனையா, உன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மரம் எதற்கு?"

"தண்ணீரைத் தடுக்க."

"தடுத்து நிற்பதற்கு என்ன பெயர்?"

"தடை."

"ராஜா என்ன சொல்லியிருக்கிறார்? இன்னொரு தரம் கேள். 'அந்நீருக்கும் தடை இல்லாதொழிக. தடுத்து நிற்பன யாவும் விலகுக.' இதைவிடத் தெளிவாக உனக்கு எந்த ராஜா எழுதுவான்? இன்னும் நீ நின்றால் நீயும் ஒரு தடைதான்."

முனையன் கரையைப் பார்த்தான். காத்தாயியைப் பார்த்தான். கீழே இருந்த ஊர்களில் ஒன்று அவன் மாமனார் ஊர். வேலைத் தரையில் ஊன்றினான். "ஏய், வடத்தைக் கொண்டு வாங்கடா!" என்றான்.

எட்டுப் பேரும் வடம் கட்டி இழுத்தார்கள். முதல் பலகை முனகியது, அசைந்தது, பிய்த்துக்கொண்டு வந்தது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்! ஆயிரம் யானைகள் என்று சொல்லலாம், இடி என்று சொல்லலாம். அங்கே இருந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் ஓர் ஆளுயரம் எழும்பி வளைந்து ஓடையில் விழுந்தது. தரை நடுங்கிற்று. ஒன்பது ஊர் ஜனங்களும் வாசலுக்கு ஓடிவந்து, பிறகு கரைக்கு ஏறிவந்து பார்த்தார்கள். சிலர் விழுந்து கும்பிட்டார்கள்.

இரண்டு பகல் ஏரி வடிந்தது. ஏழாம் நாள் நடுப்பகலில், வீங்கியிருந்த இடம் 'தொப்'பென்று உள்வாங்கிச் சரிந்தது. அப்போது தண்ணீர் அந்த இடத்துக்கு இரண்டு முழம் கீழே இறங்கியிருந்தது. ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

எட்டாம் நாள் மேளதாளத்தோடு ராஜா வந்தான். தங்கத் தெப்பம் படித்துறையில் சேற்றில் உட்கார்ந்திருந்தது, கரையேறிய முதலை மாதிரி. ராஜாவின் முகம் சிவந்தது.

"யார் செய்த வேலை இது?"

"துரோகம், மன்னவா!" என்று வரோதயர் முன்னே வந்தார். "பிச்சாண்டி கலிங்கைத் திறந்துவிட்டான். காவலன் உடந்தை."

முனையன் தலை குனிந்தான். பிச்சாண்டி ஓலையை இரு கையாலும் நீட்டினான். "மகாராஜா, நான் தங்கள் ஆணையை நிறைவேற்றியவன். இதோ முத்திரை. நீருக்குத் தடை இல்லாதொழிக என்று எழுதியிருக்கிறது. ஒழித்தேன்."

ராஜா படித்துவிட்டு வரோதயரைப் பார்த்தான். "இது நாம் கொடுத்த ஓலைதானே?"

"ஆம், மன்னவா. ஆனால் அது... அது அணிக்காகச் சொன்னது. அழகுக்காக. அந்தச் சொற்களுக்கு அப்படியெல்லாம் பொருள் கிடையாது!"

"கேட்டீர்களா மகாராஜா?" என்றான் பிச்சாண்டி. "பெரியதாகத் தெரியும், உள்ளே பொருள் கிடையாது. எட்டு நாள் கெடுவில் நான் கொண்டுவரவேண்டிய சொல் இதுதான். வீங்குசொல்."

ராஜா அந்தச் சொல்லை மெல்ல உதட்டில் வைத்துப் பார்த்தான். முனையன் பக்கம் திரும்பினான். "நீ நிகண்டு படித்தவனா?"

"இல்லை, மகாராஜா."

"வீங்குசொல் என்றால் என்ன?"

"பாக்கறதுக்குக் கொழுத்திருக்கும், தொட்டா பொதபொதன்னு இருக்கும் பேச்சு, மகாராஜா" என்றான் முனையன், யோசிக்காமலே.

"பயன்?" என்று ராஜா கேட்டான்.

"அதை நான் சொல்லக்கூடாது. சொல்லைப் பெற்றவள் காட்டுவாள்" என்று பிச்சாண்டி விலகி நின்றான்.

காத்தாயி முன்னால் வந்தாள். வாயைத் திறந்தாள். "ஏழு அடைமொழி..." என்று வரோதயர் வழக்கத்தில் முணுமுணுத்தார். ராஜா கையை உயர்த்தி அவரை நிறுத்தினான்.

"கரை இங்க சரிஞ்சுதுங்க. வாங்க" என்றாள் அவள்.

ராஜா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி அவள் பின்னால் போனான். சரிந்த இடத்தில் இரண்டு ஜோடி மாடு பூட்டிய வண்டி உள்ளே போகலாம், அத்தனை பெரிய வாய். அதற்கு மேலே, அவன் தலைக்கு மேலே, கரையின் ஏரிப்பக்கத்தில் பழைய தண்ணீர்க் கோடு தெரிந்தது. ராஜா அந்தக் கோட்டைப் பார்த்தான். பள்ளத்தில் புகைகிற கூரைகளைப் பார்த்தான். மறுபடியும் கோட்டைப் பார்த்தான். அவன் மகுடம் அணிந்த நாளிலிருந்து எதன் முன்னாலும் தான் சிறியவன் என்று உணர்ந்ததில்லை. அன்று அந்த ஈர மண்ணில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "வரோதயரே, இவள் வந்து சொன்னது உமக்குப் புரிந்ததா?"

வரோதயர், "கருணைக்கடலே, கற்பகத்தருவே, காசினி போற்றும்..." என்று ஆரம்பித்தார். நின்றார். கைக்காப்பைப் பார்த்தார். பிறகு சின்னக் குழந்தை மாதிரி, "புரிந்தது. சொல்லப் பயமாக இருந்தது. தாங்கள் சந்தோஷமாக இருந்தீர்கள்" என்றார்.

ராஜா அவரையே பார்த்தான். பிறகு தன் தலையில் தானே ஓர் அடி அடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். முதலில் மெல்ல, பிறகு கண்ணில் நீர் வர, ஏரி எதிரொலிக்கச் சிரித்தான்.

"ஏழு வருஷமாக என் பக்கத்தில் இருக்கிறீர். இன்றைக்குத்தான் நீர் பேசி நான் கேட்கிறேன்! எத்தனை அடைமொழி வைத்தீர்?"

"ஒன்றுகூட இல்லை, மன்னவா" என்றார் வரோதயர், தாமே திகைத்து.

"உம்மைப் பயப்பட வைத்தவன் நான். ஆகையால் உமக்குத் தண்டனை இல்லை. வேலை உண்டு. உட்காரும், எழுதும்."

வரோதயர் சேற்றிலேயே உட்கார்ந்து எழுத்தாணியை எடுத்தார். ராஜா சொல்லச் சொல்ல எழுதினார். "கலிங்கு திறக்க இனி அரண்மனை ஆணை வேண்டாம். காத்தாயி சொன்னால் போதும். அவளுக்குப் பின் கரை நடப்பவர் சொன்னால் போதும்."

"அவ்வளவுதானா, மன்னவா?"

"அவ்வளவுதான். முத்திரை வையும்."

காத்தாயி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒரே தரத்தில் புரிந்தது. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

முனையனுக்கு ஒரு குதிரை கிடைத்தது. பிச்சாண்டிக்கு ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். மாலை அவன் முழங்காலைத் தொட்டது. "நீ கேட்பதைக் கேள்" என்றான் ராஜா. "தெப்பத்துக்கு வந்த பொங்கலும் வடையும் ஆறிக்கொண்டிருக்கிறது, மகாராஜா. அதைக் கரைக்கு அனுப்புங்கள். மண் சுமக்கப் போகிறவர்களுக்குப் பசிக்கும்" என்றான் பிச்சாண்டி.

அன்று மாலைவரை ஒன்பது ஊர் ஜனங்களும் அந்தச் சரிவை அடைத்தார்கள். காத்தாயி மேலே நின்று, "இங்க கொட்டுங்க, அங்க மிதிங்க" என்று கைகாட்டினாள். ராஜாவும் ஏழு கூடை சுமந்தான். வரோதயர் மூன்று கூடையில் களைத்துப்போய், "இடுப்பு வலிக்கிறது" என்றார். எல்லாருக்கும் புரிந்தது.

மழை ஓய்ந்தது, கரை இறுகியது, ஏரி மறுபடி நிறைந்தது. அந்த வருஷம் தை மாதத்தில் ஒன்பது ஊரிலும் புதுப்பானை பொங்கி வழிந்ததாம். ராஜாவும் வாழ்ந்தான், குடிகளும் வாழ்ந்தார்கள், கேட்ட நாமும் வாழ்வோம்.